தொட்டில் முதல் ஊன்றுகோல் வரை

(1972–75 அணியினரின் பொன்விழாச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஐயா, உங்களுக்கு இருபது நிமிஷம். அதுக்கு மேல போனா சாம்பார் ஆறிடும்" என்று செயலாளர் தம்பி சொல்லியிருக்கிறார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் நடத்திய என்னைப் போன்றவனுக்கு ஒரு பீரியடு என்பது ஐம்பது நிமிஷம். ஆனாலும் சாம்பாரை மதித்து முடித்துவிடுகிறேன்.

நண்பர்களே, மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னைக் கண்டதும் ஒருத்தி வீடே அதிர அலறினாள். என் பேத்திதான். அவளுக்கு அப்போது எட்டு மாதம். மூன்றாம் மாதத்தில் நான் பெங்களூர் போய்ப் பார்த்தபோது யார் தூக்கினாலும் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தவள், இப்போது என் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. என் மகள் சொன்னாள்: "அப்பா, இதைத்தானே நீங்க முப்பது வருஷம் பாடம் நடத்துனீங்க?"

உண்மைதான். பிறந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். ஏழெட்டு மாதம் ஆகும்போது புது முகத்தைக் கண்டால் அழும். இந்த அழுகை பின்னடைவு இல்லை, வளர்ச்சி. இவர்கள் என் ஆட்கள், இவர் யாரோ என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தப் பற்றுதலைப் பற்றி விரிவாக எழுதினார். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வர்த் அம்மையார் 1954–55இல் உகாண்டா நாட்டுக் கிராமங்களில் தாயையும் சேயையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். அவர் கண்டது நம் வீட்டுத் திண்ணையிலும் நடப்பதுதான். அம்மா அங்கே இருக்கிறாள் என்ற தைரியம் உள்ள பிள்ளைதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தூரம் போகும். தைரியம் இல்லாத பிள்ளை முந்தானையை விடாது.

சரி, என் பேத்தியிடம் நான் என்ன செய்தேன்? முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தேன். அவளுக்கு நாலு அடி தள்ளித்தான். அவளைப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தேன். முதல் நாள் முறைத்தாள். இரண்டாம் நாள் அம்மா மடியிலிருந்து இறங்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் தவழ்ந்து வந்து என் ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள். எங்கள் சிநேகம் அப்படித்தான் ஆரம்பமானது. இந்த ஸ்பூனைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

குழந்தை வளர்ச்சியைப் படிப்படியாகக் கவனித்துச் சொல்வதில் நம் தமிழும் சளைத்ததில்லை. நம் தமிழாசிரியர் நடத்திய பிள்ளைத்தமிழ் ஞாபகம் இருக்கிறதா? பத்துப் பருவங்கள். தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, முத்தம் கேட்பது, தளர்நடையிட்டு வா என்று அழைக்கும் வருகை. இதுவரை குழந்தைக்கும் தாய்க்கும் நடுவில் நடப்பவை. அடுத்து வருகிறது அம்புலி. வானத்து நிலாவை "இந்தக் குழந்தையோடு விளையாட வா" என்று கூப்பிடுவது. அதாவது, பிள்ளைக்கு அம்மா மட்டும் போதாது, கூட்டாளி வேண்டும் என்ற கட்டம் வந்துவிட்டது. நிலா சும்மா வருமா? சாமம், பேதம், தானம், தண்டம் என்று நால்வகை உபாயமும் செய்து கூப்பிடுவார்கள் புலவர்கள். ஆண்பிள்ளை என்றால் அடுத்தது சிற்றில். பெண் குழந்தைகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் எத்திவிட்டு வம்பு வாங்கிக்கொள்ளும் பருவம். சேர்வதும் சண்டை போடுவதும் சேர்ந்தேதான் வரும் என்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள்.

இதே விஷயத்தை 1932இல் அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற பெண்மணி ஆய்வாக எழுதினார். பள்ளிக்கூட வயதுக்கு முந்தைய குழந்தைகள் தாமாக விளையாடுவதைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். குழந்தை முதலில் தனியாக விளையாடும். பிறகு மற்றவர்கள் விளையாடுவதை வேடிக்கை பார்க்கும். அடுத்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதே மாதிரிப் பொம்மையை வைத்துத் தன் பாட்டுக்கு விளையாடும். பேச்சு இருக்காது, ஆனால் பக்கத்தில் இருக்கும். இதை இணை விளையாட்டு என்போம். அதற்குப் பிறகுதான் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது. கடைசியில்தான் நீ டீச்சர், நான் பிள்ளை என்று சேர்ந்து ஆடுவது.

பார்ட்டனுக்குப் பின் வந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். இது ஒரு தடவை ஏறிவிட்டால் முடிந்துபோகிற மாடிப்படி இல்லை. ஒரு கூட்டத்தில் புதிதாகச் சேர விரும்பும் குழந்தை, சேர்ந்து விளையாடத் தெரிந்த பிறகும்கூட, முதலில் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு விளையாடிவிட்டு, அதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. பக்கத்தில் உட்காருவது ஒரு பாலம் மாதிரி. மணிக்கணக்காக இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்கு அறுபத்தைந்து வயதில்தான் புரிந்தது.

அங்கே போவதற்கு முன் நம் விடுதிக்குப் போவோம். பதினேழு பதினெட்டு வயது. வீட்டை விட்டு முதல் தடவை தகரப் பெட்டியோடு வந்து இறங்கினோம். எரிக் எரிக்சன் என்ற அறிஞர் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். 1950இல் வந்த அவருடைய நூல் மிகவும் பிரசித்தம். அகமதாபாத்துக்கு வந்து போய், அங்கே 1918இல் நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை வைத்துக் காந்தியடிகளைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதியவர். நமக்கு ஆறுதலான செய்தி ஒன்று: ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் கிடையாது. அரியர்ஸ் வைத்திருந்த நண்பர்கள் கைதட்டலாம்!

எரிக்சன் கணக்குப்படி இளம் பருவத்தின் கேள்வி "நான் யார்?" என்பது. அதற்கு அடுத்த கட்டத்தின் கேள்வி "நான் யாரோடு?" என்பது. நம் விடுதியில் முதல் கேள்விக்கு நாம் விடை தேடவே வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் மற்றவர்களே பட்டப்பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். என் அறைத் தோழனுக்கு "அலாரம்" என்று பெயர். பரீட்சை நேரத்தில் காலை ஐந்து மணிக்கு எழுந்து, தான் படிப்பதோடு நில்லாமல், அறை அறையாகக் கதவைத் தட்டி எல்லோரையும் எழுப்பிவிடுவான். எத்தனை பேர் அவனைத் திட்டியிருக்கிறோம்! ஆனால் அவன் தட்டியதால் பாஸானவர்கள் இந்த மண்டபத்தில் நிறைய பேர் உண்டு. அவனும் இங்கேதான் இருக்கிறான். நாலாவது வரிசை. எழுந்து நிற்கச் சொல்ல மாட்டேன். எழுந்தால் ஓடிவிடுவான்.

பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். நம் இலக்கணம் பெண்களுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் சொல்கிறது. அந்தக் கணக்கு நாற்பது வயதோடு நின்றுவிடுகிறது. நாற்பதுக்கு மேல் பெயரே இல்லை! நாமும் அப்படித்தான் வாழ்ந்தோம். முப்பதிலிருந்து ஐம்பத்தெட்டு வரை வீடு, பதவி உயர்வு, பிள்ளைகளின் மார்க். இதற்கு நடுவில் சிநேகிதம் என்பது கல்யாணப் பத்திரிகையோடு சுருங்கிவிட்டது. யாருக்குப் பத்திரிகை வைப்பது, யார் வீட்டுக்கு என்ன செய்முறை, யாருக்கு உடம்பு சரியில்லை, இதெல்லாம் நம் வீட்டம்மாக்கள் மனசிலும் அவர்களுடைய நோட்டிலும் இருந்தது. நாம் சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனோம், அவ்வளவுதான். நம்மில் பல ஆண்களுக்கு உறவு என்பதே மனைவி வழியாக வந்த மின்சாரம் மாதிரி. கம்பி அறுந்தால் வீடே இருட்டு.

இப்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

1984 மார்கழியில் அலாரத்திடமிருந்து எனக்கு ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம், இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது, ஆறு மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தான். என் தபால் ஆபீஸ் பாஸ்புக்கில் நாலாயிரம் இருந்தது. வீடு கட்ட வைத்திருந்த பணம். "கையில் ஒன்றும் இல்லை, மன்னித்துக்கொள்" என்று பதில் போட்டேன். கல்யாணத்துக்கும் போகவில்லை. போகிற முகம் இல்லை. வாழ்த்துத் தந்தி ஒன்று அடித்தேன்.

அந்த ஆவணியில் வீடு முடிந்து பால் காய்ச்சினோம். வகுப்புத் தோழர்கள் எல்லோருக்கும் பத்திரிகை அனுப்பியதில் அவனுக்கும் போய்விட்டது. அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. வந்தான். புது வீட்டைச் சுற்றிப் பார்த்தான். தேக்குக் கதவைத் தடவி "நல்லா இருக்குடா" என்றான். பந்தியில் சாப்பிட்டான், மொய் எழுதினான், பஸ் ஏறிப் போய்விட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்போம். அவன் கேட்கவில்லை, அதனால் எனக்கு அவனைப் பார்க்க முடியாமல் போயிற்று. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் போன் செய்வான். வீட்டில் இருந்துகொண்டே வெளியூரில் இருப்பதாகச் சொல்லச் சொல்வேன். முப்பத்தைந்து வருஷம் இப்படி ஓடியது. சிற்றிலை எத்திவிட்டு ஓடிய பிள்ளை, மறுநாள் அதே பெண்களோடு விளையாட வந்துவிடும். படித்த மனுஷனுக்கு அது முடியவில்லை.

2012இல் ஓய்வு பெற்றேன். 2019 கார்த்திகையில் என் மனைவி காலமானாள். காரியமெல்லாம் முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவும் தோன்றாது. "முதுமையில் சமூக விலகல்" என்று கரும்பலகையில் எழுதியவன், அந்தப் பாடத்துக்கு நானே மாதிரிப் படமாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் கேட் சத்தம். அலாரம், கையில் ஒரு துணிப்பை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பார்த்து வந்திருக்கிறான். துக்கம் விசாரிக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்காராமல் என் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தான். மத்தியானம் ரசம் வைத்தான். சாயங்காலம் மறுபடியும் அதே பேப்பர். மூன்று நாள் இருந்தான். முதல் நாள் எங்களுக்குள் பத்து வார்த்தை பேச்சு இருந்திருக்காது. இரண்டாம் நாள் பேப்பரில் பாதியைப் பிரித்து என்னிடம் நீட்டினான். மூன்றாம் நாள் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டத்துக்கு விடை கேட்டான். சொன்னேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் பார்ட்டன் அம்மையாரைப் படித்தவன் இல்லை, கணக்கு படித்தவன். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிவது அவனுக்கு மறக்கவில்லை. நான் என் பேத்தியிடம் ஸ்பூனால் தட்டியது, அவனிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நான் ஆரம்பித்தேன்: "டேய், அந்த எண்பத்துநாலு லெட்டர்..." "எந்த லெட்டர்? எனக்கு ஒண்ணும் வரலையே. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டான். அடுத்த சில மாதங்களில், 2020 மார்ச்சில், ஊரடங்கு வந்தது. ஆளுக்கு ஆள் முகம் பார்க்க முடியாத காலம். தினமும் காலை ஐந்து மணிக்கு என் போன் அடிக்கும். "எழுந்திருச்சுட்டியா?" அவ்வளவுதான், வைத்துவிடுவான். விடுதியில் திட்டிக்கொண்டே எழுந்த அதே சத்தம். அந்த ஒரு வார்த்தைக்காக எழுந்தேன், பல் துலக்கினேன், அடுப்பைப் பற்றவைத்தேன். நான் இன்று இங்கே நிற்பதற்கு அந்தப் போன் ஒரு காரணம்.

இது என் சொந்த அனுபவம் மட்டும் இல்லை. ஹார்வர்டில் 1938இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களாகப் பொறுக்கி 268 பேர். பின்னால் பாஸ்டன் நகரத்து ஏழை வீட்டுப் பையன்கள் 456 பேரும் இதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் கிழவர்களாகும் வரை, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கேள்வித்தாள் அனுப்பி, மருத்துவ அறிக்கை வாங்கி, வீடு தேடிப் போய்ப் பேசிப் பின்தொடர்ந்தார்கள். நம் செயலாளர் சந்தாவுக்குத் துரத்துவதைத் தவிர வேறெங்கும் இப்படித் துரத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை! எண்பது வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார் என்பதை ஐம்பது வயதுக் கொழுப்புக் கணக்கைவிட, ஐம்பது வயதில் அவருக்கு உறவுகள் எவ்வளவு திருப்தியாக இருந்தன என்பதே நன்றாகச் சொன்னது என்கிறார் அதன் இன்றைய இயக்குநர் வால்டிங்கர். தொடக்கத்தில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் ஆண்கள், ஒரே நாட்டு வெள்ளையர்கள். ஆகவே அதை அப்படியே நமக்குச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு முன் நெடுங்காலம் அதை நடத்திய வெய்லன்ட் எழுதியதில் எனக்குப் பிடித்தது வேறு. பிள்ளைப் பருவத்தில் அன்பே கிடைக்காத சிலர், நடுவயதுக்கு மேல் உறவுகளைத் தேடிக் கட்டிக்கொண்டு, முதுமையில் நிறைவாக இருந்திருக்கிறார்கள். பழகக் கற்பதற்குக் கடைசித் தேதி கிடையாது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார் என்கிறது. அந்தக் கணக்குப்படி நாம் இங்கே சாப்பிட உட்காரும் பந்தியில், ஒவ்வொரு ஆறு இலைக்கும் ஒருவர். அவர் யார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவரும் சொல்ல மாட்டார்.

வயதாக ஆக நண்பர் கூட்டம் சுருங்குவது பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதியவர்கள் பலரை விட்டுவிட்டு, மனசுக்கு நெருங்கிய சிலரை வைத்துக்கொள்கிறார்கள் என்று லாரா கார்ஸ்டென்சன் என்ற அம்மையார் விளக்கியிருக்கிறார். சிலர் போதும். ஆனால் சிலராவது வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மலரின் பின்பக்கங்களில் நம் அணியின் முகவரிப் பட்டியல் இருக்கிறது. இன்று வராதவர்கள் பெயரும் அதில் உண்டு. சிலர் உடம்பால் வர முடியாதவர்கள். சிலர் என்னைப் போல ஏதோ ஒரு லெட்டருக்காக வெட்கப்பட்டு வராதவர்கள். ஆளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தி சொல்ல வேண்டாம், பழசைக் கிளற வேண்டாம். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். முட்டி வலி என்றால் போனில் உட்காருங்கள்.

கடைசியாக, என் மனைவி போன பிறகு பீரோவைச் சுத்தம் செய்தபோது, அவள் கையெழுத்தில் எங்கள் வீட்டுப் பால் காய்ச்சிய மொய் நோட்டு கிடைத்தது. அவன் பெயருக்கு நேரே நூற்றி ஒன்று. அவள் ஒவ்வொரு பெயரையும், நாம் திருப்பிச் செய்ததும் டிக் அடித்து வைத்திருக்கிறாள். டிக் இல்லாமல் நிற்பது அந்த ஒரு பெயர்தான்.

டேய் அலாரம், தனியாகச் சொன்னால் நீ பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பாய். அதனால் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அந்த லெட்டர் வந்தது. என்னிடம் பணம் இருந்தது. நான் செய்தது தப்பு. வரும் தையில் உன் பேரனுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வந்திருக்கிறது. முதல் நாளே வந்துவிடுகிறேன். காலையில் ஐந்து மணிக்கு உன்னை நான் எழுப்புகிறேன்.

சாம்பார் ஆறவில்லை என்று நினைக்கிறேன்.